தனிம நாணயச் சேகரிப்பு

தனிம நாணயச் சேகரிப்பு என்பது வழக்கமான நாணய உலோகங்களான செப்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றைத் தவிர்த்த பிற வேதித் தனிமங்களால் ஆன நாணயங்களையும் பதக்கங்களையும் தேடித் திரட்டும் பொழுதுபோக்கு ஆகும். இது நாணயவியலின் ஒரு கிளை. எனினும் வேதியியல், உலோகவியல், பொருளியல் வரலாறு ஆகிய துறைகளோடும் இது நெருங்கிய தொடர்பு உடையது. நாடு வாரியாகவோ அரசர் வாரியாகவோ நாணயங்களை அடுக்குவதற்கு மாறாக, இச்சேகரிப்பாளர்கள் தனிம வரிசை அட்டவணையின் முறையில் அவற்றை அடுக்குகின்றனர்.

செப்பு, வெள்ளி, தங்கம் ஆகிய மூன்றும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே நெடுங்குழுவில் (11ஆம் குழு) அமைந்துள்ளன. இக்குழுவுக்கு "நாணய உலோகங்கள்" என்ற பெயரே உண்டு. இவற்றை விட்டு வேறு தனிமத்தை ஓர் அரசு நாடும்போது அதற்குப் பெரும்பாலும் ஒரு வலுவான காரணம் இருக்கும். போர், பற்றாக்குறை, புதிதாகக் கண்டறியப்பட்ட சுரங்கம், கள்ள நாணய அச்சம், புதிய தொழில்நுட்பம் என்பன அக்காரணங்களுள் சில.

வரையறை

அரசின் அதிகாரத்தோடு, முகமதிப்புக் குறிக்கப்பட்டு வெளியிடப்படுவது நாணயம் ஆகும். முகமதிப்பு இல்லாமல், நிகழ்வு ஒன்றையோ ஒருவரையோ நினைவுகூரும் பொருட்டுச் செய்யப்படுவது பதக்கம். தனியார் பட்டறைகள் ஒரு தனிமத்தின் மாதிரியாக அச்சடிக்கும் வட்டத் தகடுகள் வில்லைகள் எனப்படும். அவை நாணயங்கள் அல்ல.

ஒரு தனிமம் நாணயத்தில் நான்கு வகையாக இடம்பெறலாம்.

* தூய நிலையில் (எடுத்துக்காட்டு: சுவிட்சர்லாந்தின் நிக்கல் நாணயம்)
* கலப்புலோகத்தின் பகுதியாக (எடுத்துக்காட்டு: செப்பு-நிக்கல்)
* மேற்பூச்சாக (எடுத்துக்காட்டு: குரோமியம் பூசிய எஃகு)
* ஈருலோக நாணயத்தின் நடுப்பகுதியாகவோ வளையமாகவோ (எடுத்துக்காட்டு: வெள்ளி-நியோபியம்)

நாணயத்திற்கு ஏற்ற தனிமம்

அறியப்பட்ட 118 தனிமங்களுள் பெரும்பாலானவை உலோகங்களே. ஆயினும் நாணயம் செய்யத் தகுந்தவை மிகச் சிலவே. நாணய உலோகம் அச்சின் அழுத்தத்திற்கு இணங்கி வடிவம் ஏற்க வேண்டும். அதே வேளையில், பலர் கைமாறியும் தேயாத அளவு கடினமாக இருத்தல் வேண்டும். காற்றிலும் வியர்வையிலும் அரிபடக் கூடாது. நச்சுத்தன்மை இருத்தல் ஆகாது. விலையும் முகமதிப்புக்கு ஏற்றதாக அமைய வேண்டும்.

சோடியமும் பொட்டாசியமும் நீரோடு கடுமையாக வினைபுரிவதால் விலக்கப்படுகின்றன. பாதரசம் அறை வெப்பநிலையில் நீர்மமாக உள்ளது. காலியம் 29.76 பாகை செல்சியசில் உருகுவதால், காலிய நாணயம் ஒன்று உள்ளங்கையின் சூட்டிலேயே உருகிவிடும். குரோமியமும் ஆண்டிமனியும் அச்சடிக்கும்போது நொறுங்கக்கூடியவை. டங்ஸ்டன் 3422 பாகை செல்சியசில்தான் உருகும் என்பதோடு, வார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும் கடினமானது.

தொன்மைக் காலம்

ஈயம் மிகப் பழைய காலந்தொட்டே நாணயத்தில் பயன்பட்டு வந்துள்ளது. தக்காணத்தை ஆண்ட சாதவாகனர் ஈய நாணயங்களைப் பெருமளவில் வெளியிட்டனர். இவற்றுள் பாய்மரக் கப்பல் உருவம் பொறித்த ஈய நாணயங்கள் சோழமண்டலக் கரையோரத்தில் கிடைத்துள்ளன. ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகும். ஆகவே எளிய அடுப்பிலும் இதனை வார்க்க இயலும்.

பாக்திரியாவை ஆண்ட கிரேக்க மன்னர்களான இரண்டாம் யூத்திடெமசு, பாண்டலியோன், அகத்தோக்கிளிசு ஆகியோர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செப்பு-நிக்கல் கலப்பில் நாணயங்களை வெளியிட்டனர். நிக்கல் ஒரு தனித் தனிமம் என்பதைச் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் 1751இல்தான் கண்டறிந்தார். அதாவது, தாம் பயன்படுத்தும் தனிமத்தின் பெயரை அறியாமலேயே ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாணயங்களை மக்கள் புழங்கினர்.

இங்கிலாந்தில் 1684 முதல் 1692 வரை பார்த்திங், அரைப்பென்னி ஆகிய சிறு நாணயங்கள் வெள்ளீயத்தில் செய்யப்பட்டன. கார்ன்வால் பகுதியின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலுக்கு ஆதரவு தருவது இதன் நோக்கங்களுள் ஒன்று. கள்ள நாணயங்களைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வொரு நாணயத்தின் நடுவிலும் ஒரு சிறு செப்புத் துண்டு பதிக்கப்பட்டது. ஆனால் இவை எளிதில் அரிபட்டன. நல்ல நிலையில் உள்ளவை இன்று மிக அரிதாகவே கிடைக்கின்றன.

பிளாட்டினம்

புழக்கத்திற்கென்று பிளாட்டின நாணயங்களைத் தொடர்ந்து வெளியிட்ட நாடு உருசியா ஆகும். 1820களில் யூரல் மலைப் பகுதியில் வளமான பிளாட்டினப் படிவுகள் கண்டறியப்பட்டன. அப்போது இவ்வுலோகத்திற்குப் பெரிய பயன்பாடு ஏதும் இல்லை. நிதியமைச்சர் யெகோர் கன்கிரின் இதனை நாணயமாக்க எண்ணி, புகழ்பெற்ற செருமானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் அம்போல்ட்டின் கருத்தை 1827இல் கேட்டார். பிளாட்டினத்தின் விலை நிலையற்றது என்று கருதிய அம்போல்ட் இதனை ஆதரிக்கவில்லை. ஆயினும் 1828இல் 3 ரூபிள் நாணயமும், 1829இல் 6 ரூபிள் நாணயமும், 1830இல் 12 ரூபிள் நாணயமும் வெளிவந்தன. இவற்றின் எடை முறையே 10.35, 20.7, 41.4 கிராம்.

பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 பாகை செல்சியசு. அக்கால உலைகளால் பெருமளவு பிளாட்டினத்தை இவ்வெப்பத்திற்குக் கொண்டு செல்ல இயலவில்லை. இச்சிக்கலுக்குப் பொறியாளர் பியோத்தர் சபலேவ்சுக்கி ஒரு தீர்வு கண்டார். கனிமம் முதலில் அரசநீரில் (நைட்ரிக், ஐதரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கரைக்கப்பட்டது. பின்னர் பிளாட்டினம் ஒரு சேர்மமாக வீழ்படிவாக்கப்பட்டுச் சூடாக்கப்பட்டது. எஞ்சிய பஞ்சு போன்ற உலோகம் அச்சில் இட்டு அழுத்தப்பட்டு, மீண்டும் சூடாக்கப்பட்டுத் திண்மமாக்கப்பட்டது. உலோகத்தை உருக்காமலேயே பொருளாக்கும் இம்முறை, இன்றைய தூள் உலோகவியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

அம்போல்ட்டின் ஐயம் பின்னர் மெய்யானது. நாணயத்தின் முகமதிப்புக்கும் உலோகத்தின் சந்தை விலைக்கும் இடையே வேறுபாடு தோன்றினால், வெளிநாட்டில் மலிவாக வாங்கிய பிளாட்டினத்தைக் கொண்டு கள்ள நாணயம் அடிக்க இயலும். இவ்வச்சத்தினால் 1845இல் அச்சடிப்பு நிறுத்தப்பட்டு, நாணயங்கள் திரும்பப் பெறப்பட்டன. பிளாட்டினம் பின்னாளில் மிக விலை உயர்ந்த உலோகமாயிற்று. அந்நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தங்க நாணயங்களைப் போலியாகச் செய்தவர்கள், பிளாட்டினத்தின் மேல் தங்க முலாம் பூசினர் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது. தங்கத்தை விடப் பிளாட்டினம் அப்போது மலிவாக இருந்தது.

நிக்கல்

தூய நிக்கலில் புழக்க நாணயத்தை முதன்முதலில் வெளியிட்ட நாடு சுவிட்சர்லாந்து. 1881இல் வெளிவந்த 20 ராப்பென் நாணயமே அது. நிக்கல் கடினமானது, எளிதில் மங்காதது, காந்தத்தால் ஈர்க்கப்படுவது. இவ்வீர்ப்பு கள்ள நாணயங்களைக் கண்டறிய உதவிற்று.

உலகின் பெரிய நிக்கல் சுரங்கங்களுள் சிலவற்றைக் கொண்ட கனடா, 1922 முதல் தன் 5 சென்ட் நாணயத்தைத் தூய நிக்கலில் வெளியிட்டது. நிக்கல் கண்டறியப்பட்டதன் 200ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1951இல் வெளிவந்த 5 சென்ட் நாணயத்தில் ஒரு நிக்கல் ஆலையின் உருவம் பொறிக்கப்பட்டது. ஒரு தனிமத்தின் கண்டுபிடிப்பை அத்தனிமத்தாலேயே ஆன நாணயத்தில் நினைவுகூர்ந்த அரிய நிகழ்வு இது.

இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின் விளைவாக வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டது. முன்னர் 91.7 விழுக்காடு வெள்ளி கொண்டிருந்த ரூபாய், 1940 முதல் 50 விழுக்காடு வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் கால் ரூபாயும் அரை ரூபாயும் 1946இலும், ஒரு ரூபாய் 1947இலும் தூய நிக்கலில் வெளியிடப்பட்டன. கால், அரை, ஒரு ரூபாய் ஆகிய மூன்றிலும் புலி உருவம் பொறிக்கப்பட்டது. குடியரசான பின்னர் 1950இல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயமும் நிக்கலால் ஆனதே. அதில் அசோகர் தூணின் சிங்கத் தலை இடம்பெற்றது. விடுதலைக்கு முன்னும் பின்னும் வந்த இந்நாணயங்கள் தனிமச் சேகரிப்பைத் தொடங்கும் மாணவர்களுக்கு ஏற்றவை.

அலுமினியம்

அலுமினியம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு விலை உயர்ந்த உலோகமாக இருந்தது. 1886இல் சார்லசு மார்ட்டின் ஆல், பால் எரூல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த மின்னாற்பகுப்பு முறையால் அதன் விலை வீழ்ச்சியுற்றது.

முதல் அலுமினியப் புழக்க நாணயங்கள் 1907இல் பிரித்தானியரின் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் வெளியிடப்பட்டன. கிழக்கு ஆப்பிரிக்கா மற்றும் உகாண்டாவின் 1 சென்ட்டும், மேற்கு ஆப்பிரிக்காவின் பத்தில் ஒரு பென்னியும் அவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்பத்தில் இவை அரிபட்டதால், விரைவில் செப்பு-நிக்கலுக்கு மாற்றப்பட்டன.

சப்பானின் 1 யென் நாணயம் 1955 முதல் அலுமினியத்தால் ஆனது. இதன் எடை சரியாக 1 கிராம், விட்டம் 20 மில்லிமீட்டர். ஆகவே பள்ளிகளில் எடைக்கல்லாகவும் இதனைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் 3 பைசா 1964இலும், 1 பைசா 1965இலும் அலுமினியக் கலப்பில் வெளிவந்தன. அறுகோண வடிவ 20 பைசா 1982இல் வந்தது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011 சூன் 30 முதல் செல்லாதவையாயின.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் செப்பின் விலை ஏறியதால், 1974 என்று ஆண்டிட்ட அலுமினிய 1 சென்ட் நாணயங்கள் 15 இலட்சத்திற்கும் மேல் அச்சடிக்கப்பட்டன. இத்திட்டம் கைவிடப்பட்டு, ஏறக்குறைய அனைத்தும் உருக்கப்பட்டன. இவை அரசின் உடைமையாகவே கருதப்படுகின்றன. தனியார் ஒருவரிடம் இருந்த நாணயம் 2016இல் அமெரிக்க நாணயச் சாலையிடம் திருப்பித் தரப்பட்டது. வெளியிடப்படாத நாணயத்தை உடைமையாகக் கொள்வது சட்டச் சிக்கலாகலாம் என்பதற்கு இது சான்று.

போர்க்கால உலோகங்கள்

போர்க்காலத்தில் செப்பு தோட்டா உறைகளுக்கும், நிக்கல் கவச எஃகுக்கும் தேவைப்பட்டன. ஆகவே நாணயங்களுக்கு இரும்பு, துத்தநாகம் முதலிய மலிவான உலோகங்களை நாடவேண்டியதாயிற்று.

முதல் உலகப் போரின்போது செருமனி 1915 முதல் 5, 10 பெனிக் நாணயங்களை இரும்பில் வெளியிட்டது. தம் தங்க நகைகளை அரசுக்கு அளித்த மக்களுக்கு 1916இல் இரும்புப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. பொன்னைக் கொடுத்து இரும்பைப் பெற்றதை ஒரு பெருமையாகக் காட்டிய பதக்கம் இது.

அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டு 1 சென்ட் நாணயம் துத்தநாகம் பூசிய எஃகால் ஆனது. இதனை வெள்ளி 10 சென்ட் நாணயம் என்று மக்கள் குழம்பினர். எளிதில் துருவும் பிடித்தது. கனடாவின் 5 சென்ட் நாணயம் 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் குரோமியம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. தூய குரோமியத்தில் நாணயம் செய்வது கடினமாகையால், குரோமியத்திற்குச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் இதனையே கொள்கின்றனர்.

இவ்வரிசையில் மிகத் துயரமானவை போலந்தின் வூச் நகரில் இருந்த யூதர் ஒதுக்குக் குடியிருப்பின் (கெட்டோ) நாணயங்கள் ஆகும. 1940இல் நாட்சிகள் அமைத்த இக்குடியிருப்பில் அடைக்கப்பட்ட மக்கள், தம்மிடமிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளேயே செல்லும் சீட்டுகளைப் பெறும் கட்டாயத்திற்கு ஆளாயினர். 1943இல் 5, 10, 20 மார்க் மதிப்புகளில் அலுமினியத்திலும் அலுமினிய-மக்னீசியக் கலப்பிலும் நாணயங்களும் வெளியிடப்பட்டன. வேலிக்கு வெளியே இவற்றிற்கு எவ்வித மதிப்பும் இல்லை. மக்களின் உடைமைகளைப் பறிப்பதும், தப்பிச் செல்வதைத் தடுப்பதுமே இப்பணத்தின் உண்மையான பயன். 1944 ஆகத்தில் குடியிருப்பு ஒழிக்கப்பட்டது. அங்கிருந்தோருள் பெரும்பாலானோர் கெல்ம்னோ, ஆசுவிட்சு கொலை முகாம்களில் கொல்லப்பட்டனர். மக்னீசியத்திற்கு எடுத்துக்காட்டாக இந்நாணயங்கள் தேடப்படுகின்றன. போலிகளும் மிகுதியாக உள்ளன. இவற்றை வெறும் உலோக மாதிரியாகக் கருதாமல், ஒரு மாபெரும் குற்றத்தின் சான்றாகப் பாதுகாப்பதே பொருத்தமானது.

ஆண்டிமனி

சீனாவின் குயிசோ மாகாணம் 1931இல் 10 சென்ட் மதிப்புள்ள ஆண்டிமனி நாணயத்தை வெளியிட்டது. அம்மாகாணத்தில் ஆண்டிமனிக் கனிமம் மிகுந்திருந்தது. ஆனால் நொறுங்கும் தன்மையுடைய இவ்வுலோகம் புழக்கத்திற்கு ஏற்றதாக இல்லை. உள்ளூரில் கிடைப்பது மட்டுமே ஓர் உலோகத்தை நாணயத்திற்குத் தகுதியாக்காது என்பதை இது காட்டுகிறது. இந்நாணயம் இன்று மிக அரியது.

புதிய தொழில்நுட்ப உலோகங்கள்

* பல்லேடியம்: தொங்கா நாடு 1967இல் தன் அரசரின் முடிசூட்டு விழாவை ஒட்டிப் பல்லேடிய நாணயங்களை வெளியிட்டது. சோவியத் ஒன்றியம் 1980களின் இறுதியிலும், கனடா 2005இலும், அமெரிக்கா 2017இலும் பல்லேடிய நாணயங்களை வெளியிட்டன.
* டைட்டேனியம்: ஜிப்ரால்ட்டர் 1999இல் டைட்டேனிய நாணயம் வெளியிட்டது. ஆஸ்திரியாவின் வெள்ளி-டைட்டேனிய 100 சில்லிங் 2000இல் வந்தது.
* நியோபியம்: ஆஸ்திரிய நாணயச் சாலை, ஆல் நகரின் 700ஆம் ஆண்டை ஒட்டி 2003இல் வெள்ளி வளையமும் நீல நிற நியோபிய நடுப்பகுதியும் கொண்ட 25 யூரோ நாணயத்தை வெளியிட்டது. செம்மெரிங் தொடருந்துப் பாதையின் 150ஆம் ஆண்டுக்கான 2004ஆம் ஆண்டு நாணயத்தின் நடுப்பகுதி பச்சை நிறமுடையது. லாத்வியாவும் 2004இல் நியோபியம் பயன்படுத்திய 1 லாட்சு நாணயத்தை வெளியிட்டது.
* டாண்ட்டலம்: கசகசுத்தான் 2006 முதல் விண்வெளி வரிசையில் வெள்ளி-டாண்ட்டல 500 தெங்கே நாணயங்களை வெளியிட்டது.

நியோபியத்தின் நிறம் சாயத்தாலோ பூச்சாலோ வருவதன்று. மின்பகு நீர்மத்தில் நியோபியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால், அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியும், அதன் அடியிலுள்ள உலோகத்தில் எதிரொளிக்கும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. செலுத்தப்படும் மின்னழுத்தம் கூடினால் படலம் தடிக்கும், நிறமும் மாறும். நீர்மேல் பரவிய எண்ணெய்ப் படலம் வண்ணங்களைக் காட்டுவதும் இதே விளைவினால்தான். இப்படலத்தைத் துடைத்து மெருகேற்ற முயன்றால் நிறம் கெட்டுவிடும்.

தனியார் வில்லைகள்

எந்த நாடும் நாணயமாக்காத ஆஃப்னியம், வனேடியம், இரேனியம் முதலிய தனிமங்களுக்குத் தனியார் பட்டறைகளின் வில்லைகளே கிடைக்கின்றன. இவற்றின் அரிய தன்மை அவற்றைச் செய்தவரின் விருப்பத்தைப் பொறுத்தது. எனவே அறிவியல் மாதிரி என்ற மதிப்பையும், நாணயம் என்ற மதிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தனிமங்களைத் திரட்டும் ஆர்வம் பரவியதில் தியோடோர் கிரேக்குப் பங்குண்டு. தனிம வரிசை அட்டவணையின் வடிவில் இவர் அமைத்த மர மேசைக்கு 2002இல் இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடையாளம் காணல்

ஒரு நாணயம் எத்தனிமத்தால் ஆனது என்பதை அதற்குச் சேதம் விளைவிக்காமல் அறிய எளிய முறைகள் உள்ளன.

காந்தச் சோதனை: இரும்பும் நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும். 1943ஆம் ஆண்டில் தவறுதலாகச் செப்பில் அச்சான அமெரிக்க 1 சென்ட் நாணயங்கள் பெருவிலை பெறுபவை. எஃகு நாணயத்திற்குச் செப்பு முலாம் பூசிச் செய்த போலியைக் காந்தம் உடனே காட்டிக்கொடுக்கும்.

அடர்த்திச் சோதனை: நாணயத்தைக் காற்றிலும் நீரிலும் எடையிட வேண்டும். நீரில் குறையும் எடை கிராமில் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு கன சென்டிமீட்டர் அதன் பருமன் (ஆர்க்கிமிடீசு தத்துவம்). எடுத்துக்காட்டாக, 10.35 கிராம் எடையுள்ள பிளாட்டின 3 ரூபிள் நாணயம் நீரில் ஏறக்குறைய 0.48 கிராம் எடை குறையும். அதே எடையுள்ள வெள்ளிப் போலி ஏறக்குறைய 0.99 கிராம் குறையும். எனினும் டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், அவ்விரண்டையும் இம்முறையால் மட்டும் பிரித்தறிய இயலாது. அத்தகைய நிலையில் ஊடுகதிர் ஒளிர்வு முதலிய கருவிவழிச் சோதனைகள் தேவை. ஆனால் ஊடுகதிர் ஒளிர்வு மேற்பரப்பை மட்டுமே ஆராய்வதால், தடித்த முலாம் அதனையும் ஏமாற்றக்கூடும்.

சில தனிமங்களின் பண்புகள்

(அணு எண், அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குக் கிராமில், உருகுநிலை, பாகை செல்சியசில்)

* மக்னீசியம்: 12, 1.74, 650
* அலுமினியம்: 13, 2.70, 660
* டைட்டேனியம்: 22, 4.51, 1668
* இரும்பு: 26, 7.87; 1538
* நிக்கல்: 28, 8.90, 1455
* துத்தநாகம்: 30, 7.13, 420
* நியோபியம்: 41, 8.57, 2477
* பல்லேடியம்: 46, 12.02, 1555
* வெள்ளீயம்: 50, 7.29, 232
* ஆண்டிமனி: 51, 6.69, 631
* பிளாட்டினம்: 78, 21.45, 1768
* ஈயம்: 82, 11.34, 327

பாதுகாத்தல்

வெள்ளீயம் 13.2 பாகை செல்சியசுக்குக் கீழ் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத் தூளாக மாறக்கூடும். இது "வெள்ளீய நோய்" எனப்படும். ஆகவே வெள்ளீய நாணயங்களைக் கடுங்குளிரில் வைத்தல் ஆகாது. ஈய நாணயங்களை மரப் பெட்டிகளில் வைப்பதும் தவறு. மரத்திலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்ணிறத் தூளாக்கும். பாலிவினைல் குளோரைடு உறைகளும் நாளடைவில் உலோகங்களைக் கெடுக்கும். இரும்பு, எஃகு, துத்தநாகம் ஆகியவற்றுக்கு ஈரமற்ற சூழல் இன்றியமையாதது.

ஈயம் நச்சுத்தன்மை உடையது. ஈய நாணயங்களைக் கையாண்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறுவர்களுக்கு எட்டாமல் வைத்தல் நலம். நிக்கல் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். காட்மியம், தாலியம், பெரிலியம் ஆகியவற்றின் மாதிரிகளைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் தவிர்த்தல் வேண்டும். எவ்வகை நாணயத்தையும் தேய்த்து மெருகேற்றக் கூடாது என்பது பொது விதி. நாணயத்தின் மேற்பரப்பே அதன் வரலாற்றுக்கும் வேதியியலுக்கும் முதன்மையான சான்று.

இவற்றையும் பார்க்க

* நாணயவியல்
* தனிம வரிசை அட்டவணை
* கலப்புலோகம்
* நாணயச் சாலை